சென்னை – சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம்?

வேளச்சேரி மாப்பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது, உதவிக்கு அம்மா சென்னையிலிருந்து வருகிறார்கள். முதல் விமானப் பயணம். டிக்கெட்டை அனுப்பியதிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் போனில் ஒரே வாக்குவாதம்.

வரும் டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 6.00க்கு வந்து சேர்கிறது. திரும்பும் டிக்கெட்டில் இங்கே சிங்கப்பூரில் காலை 8.00க்குக் கிளம்பி சென்னைக்கு 9.40. அப்பா கேட்கிறார்: “போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒண்ணே முக்கால் மணி நேரங்கூட இல்லையா? போகும்போது எங்கேயோ சுத்திக்கிட்டுப் போறான்டா.” நேர வித்தியாசம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

தூரத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு தளத்தில் 1,575, இன்னொன்றில் 1,815, மூன்றாவதில் 2,920. எது சரி? பறக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு? நான் எத்தனை மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் போய் நிற்க வேண்டும்? அம்மா நேரம் தவறாமல் சர்க்கரை மாத்திரை போடுகிறவர், அதனால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குப்பிள்ளை

மூன்றும் சரிதான் தம்பி. 1,575 என்பது கடல் மைல், 1,815 என்பது சாதாரண மைல், 2,920 கிலோமீட்டர். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஒரு மைல் 1.609 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இது மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு உருண்டையின் மேல் நூல் பிடித்த மாதிரி நேர் தூரம்.

அப்பாவுக்குக் கணக்கை இப்படிச் சொல்லிப் பாருங்கள். அம்மா கையில் சென்னை நேரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது. இரவு 11.15க்கு ஏறினால், இறங்கும்போது அதில் 3.30 தான் ஆகியிருக்கும். ஆக 4 மணி 15 நிமிடம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கே 6.00. திரும்பும்போது சிங்கப்பூரில் 8.00 என்றால் சென்னையில் அப்போது 5.30. அங்கிருந்து 9.40 வரை எண்ணினால் 4 மணி 10 நிமிடம். சுற்றும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

பொன்மலை

அப்படியே திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு என்றும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கே 300 கி.மீ.க்கு மேல். அப்படியானால் 3,200 வருமா?

கணக்குப்பிள்ளை

வராது. ஏறக்குறைய 2,980 தான். சென்னையைவிட 60 கி.மீ. மட்டும் கூடுதல்.

நம்ப முடியாதுதான். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் தென்கிழக்கே, திருச்சி தென்மேற்கே. இரண்டு திசைக்கும் இடையே கிட்டத்தட்டச் செங்கோணம். அதனால் சென்னையிலிருந்து திருச்சிக்கு நகரும்போது சிங்கப்பூரை விட்டு அவ்வளவாக விலகுவதே இல்லை. மதுரை என்றால் 3,015 சுமார். கோயம்புத்தூர் மேற்கே தள்ளி இருப்பதால் 3,160ஐத் தொடும்.

பொன்மலை

அடேங்கப்பா. அப்போது திருச்சிக்காரன் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் விமானம் ஏறுவது வானத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கத்தான் என்று ஆகிறது. டிக்கெட் விலை வேறு கதை, அதைப் பேச ஆரம்பித்தால் இழை தாங்காது.

மேகவீதி

கணக்குப்பிள்ளை சார் சொன்ன 4.15, 4.10 இரண்டும் பறக்கும் நேரம் அல்ல. ஒரு காலத்தில் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். டிக்கெட்டில் இருப்பது ‘பிளாக் டைம்’. விமானம் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து நகர ஆரம்பித்த நொடியிலிருந்து, அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது.

இதில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, இறங்கிய பிறகு கேட் வரை ஊர்வது எல்லாம் சேரும். சாங்கி பெரிய நிலையம். சில சமயம் தரையில் உருளும் நேரத்தைப் பார்த்தால் ஜொகூருக்கே போகிறோமோ என்று தோன்றும். இதற்கு மேல் நிறுவனங்கள் தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதல் நேரத்தைப் பஞ்சு மாதிரி வைத்துத் தைப்பார்கள். 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் ‘நேரத்துக்கு வந்தது’ என்று கணக்கு எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் அந்தப் பஞ்சு.

ஏர்பஸ் 320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு 830, 840 கி.மீ. வேகத்தில் போகும். 2,920ஐ 835ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, அதற்கு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம். பாதையும் நூல் பிடித்த மாதிரி இருக்காது, வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். ஆகச் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை 3 மணி 40லிருந்து 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற பெரிய விமானம் என்றால் இன்னும் கொஞ்சம் வேகம், சில நிமிடம் குறையும்.

அரைக்கிணறு

எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. நாம் கிழக்கே போகும்போது சிங்கப்பூரும் நம்மை விட்டு ஓடுகிறது. திரும்பும்போது சென்னை நம்மை நோக்கி வருகிறது. அதனால்தான் வர ஐந்து நிமிடம் குறைவு. அப்பா சந்தேகப்பட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

ஐயா, சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை கிழக்கு நோக்கி மணிக்குச் சுமார் 1,625 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. விமானம் அந்த ஓட்டத்தில் சேராது என்றால் வித்தியாசம் ஐந்து நிமிடமா வரும்? 840இல் பறக்கிறவன் 1,625இல் ஓடும் சிங்கப்பூரை எந்த ஜென்மத்தில் பிடிப்பான்?

காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. இல்லாவிட்டால் மெரினாவில் எப்போதும் 1,625 கி.மீ. வேகத்தில் கீழைக்காற்று அடித்துக்கொண்டிருக்கும், சுண்டல் விற்க ஆள் இருக்காது.

அரைக்கிணறு

அப்படியானால் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லுங்கள்.

டல்லாஸ் தமிழன்

காற்றுதான். உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். நியூயார்க்கிலிருந்து லண்டன் போக ஏறத்தாழ ஏழு மணி நேரம், திரும்ப எட்டு. ஊருக்கு வந்துபோகும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கிழக்கே போனால் எப்போதும் சீக்கிரம். இந்தக் கணக்குப்படி சென்னை–சிங்கப்பூர்தான் குறைவாக இருக்க வேண்டும், டிக்கெட்டில் தலைகீழாக இருக்கிறது. ஓடுபாதை நெரிசலாகத்தான் இருக்கும்.

மேகவீதி

அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நம் வானத்தில் அது செல்லாது, அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுத்தமாகச் செல்லாது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், தெரிந்ததுதான். ஆனால் அதே சமயம் 12, 14, 16 கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக வேகமாக ஓடும். வெயிலில் திபெத்திய மேட்டுநிலம் சூடேறி அதற்கு மேலே உயர் அழுத்தம் உருவாகிறது, அதன் தென்விளிம்பில் இந்தக் காற்று கிழக்கிலிருந்து பாய்கிறது. வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்பார்கள். இந்திய வானிலைத் துறையில் இருந்த பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஓட்டம் பலமாக இருப்பது தென்னிந்தியாவுக்கு மேலேதான், கிட்டத்தட்ட நம் சென்னையின் அட்சரேகையை ஒட்டி.

பயணிகள் விமானம் போவது 10லிருந்து 12 கி.மீ. உயரத்தில். அந்த ஓட்டத்தின் நடுவே இல்லை என்றாலும் அடிமடியில் மாட்டும். சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். 835க்குப் பதில் தரையளவில் 785 தான் கிடைக்கும். சிங்கப்பூர் போக 13 நிமிடம் கூடும். திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளும், 12 நிமிடம் குறையும். இரண்டுக்கும் நடுவே 25 நிமிடம் இடைவெளி.

குளிர்காலத்தில் இந்த ஓட்டம் இருக்காது. அப்போது மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்று வடக்கே டெல்லி பக்கம்தான் பலம், நம் தடத்தில் பெரும்பாலும் மெலிந்து கிடக்கும். டிசம்பரில் ஒருவர் போய்வந்து “இரண்டு பக்கமும் ஒன்றுதான்” என்பார். ஆகஸ்டில் போனவர் “போக அதிக நேரம்” என்பார். இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

டல்லாஸ் தமிழன்

25 நிமிடம் வித்தியாசம் என்றால் கால அட்டவணையில் தெரிய வேண்டுமே? ஐந்து நிமிடம்தானே காட்டுகிறார்கள்?

மேகவீதி

அதுதான் பஞ்சின் வேலை. அட்டவணை ஆண்டுக்கு இரண்டு: மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை ஒன்று, மீதி மாதங்களுக்கு ஒன்று. கோடைக்கால அட்டவணையில் ஏப்ரலும் ஆகஸ்டும் ஒரே மூட்டையில் இருக்கின்றன. தினம் தினம் காற்றைப் பார்த்து டிக்கெட்டில் நேரத்தை மாற்ற முடியாது, மோசமான நாளுக்கும் தாங்குகிற மாதிரி ஓர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். காற்று சாதகமாக இருந்த நாளில் விமானம் 20 நிமிடம் முன்னாலேயே வந்துவிடும், பைலட் மைக்கில் பெருமையாக அறிவிப்பார், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

உண்மையைப் பார்க்க வேண்டும் என்றால் ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் அதே விமான எண்ணை எடுத்து, தரையை விட்ட நேரத்தையும் தொட்ட நேரத்தையும் ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். டிக்கெட்டை வைத்துக் காற்றைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

அரைக்கிணறு

கோட்டீஸ்வரம் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தேடிப் படிக்கிறேன். ஆனால் மேப்பில் நேர்க்கோடு போட்டால் அது உண்மையான குறுக்குவழி ஆகாது என்பார்களே, அது இங்கே உண்டா?

கணக்குப்பிள்ளை

உண்டு, ஆனால் கண்ணில் படாத அளவு. இது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓடும் தடம். தட்டை வரைபடத்துக் கோட்டுக்கும் உருண்டை மேல் குறுக்குவழிக்கும் முப்பது கி.மீ. அளவில்தான் விலகல் வரும். சென்னையிலிருந்து அமெரிக்கா என்றால்தான் கோடு வடக்கே வில்லாக வளையும்.

இந்தக் கோட்டின் அழகே வேறு. வங்காள விரிகுடாவைத் தாண்டி, கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனையை ஏறக்குறைய உரசிக்கொண்டு போய், சுமத்ராவின் வடகிழக்குக் கரையைத் தொட்டு, அப்படியே மலாக்கா நீரிணையின் நீளத்துக்கு இறங்கிச் சிங்கப்பூரில் முடிகிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்று வரும் பெயர்களை இந்தக் கோட்டின் அக்கம்பக்கத்தில் வரிசையாக வைக்கலாம். நக்கவாரம் நிகோபார், இலாமுரி சுமத்ராவின் வடமுனைப் பக்கம், கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. படை போனது 1025இல். அவர்களுக்குப் பருவக்காற்று கிளம்பினால்தான் பயணம். நமக்குப் பஞ்சு வைத்த அட்டவணை.

பினாங்குத் தாத்தா

கப்பலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எங்கள் காலத்தில் தூரத்தை மணியில் யார் அளந்தார்கள்? ராஜுலா கப்பல், 1926இல் கட்டியது. சென்னையில் ஏற்றி, நாகப்பட்டினத்தில் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிளாங் துறைமுகம்) தொட்டு சிங்கப்பூர் வர ஏறக்குறைய ஒரு வாரம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் எத்தனையோ பேர். ராஜுலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின, அதோடு அந்தச் சேவை முடிந்தது.

இன்னொன்று. இரண்டரை மணி நேர வித்தியாசம் என்கிறீர்கள். நான் வந்த காலத்தில் இரண்டு மணி நேரம்தான். மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரம் வைக்க முடிவு செய்தது, சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி நேரே பன்னிரண்டு ஆக்கினார்கள். அந்தப் புத்தாண்டு அரை மணி முன்னாலேயே பிறந்தது. அதற்கும் முன்னால் ஜப்பான்காரன் ஆட்சியில் டோக்கியோ நேரம். ஊர் நகரவே இல்லை, கடிகாரம்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

டல்லாஸ் தமிழன்

தாத்தா, அருமை. அதனால்தான் சிங்கப்பூரில் விடிய ஏழு மணி ஆகிறதா?

பினாங்குத் தாத்தா

ஆமாம். சூரியனைக் கேட்டால் கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி முன்னால் இருந்தால் போதும் என்று சொல்லும், நாங்கள் வைத்திருப்பது எட்டு. நடுப்பகல் ஒரு மணிக்கு வரும்.

ஈசூன் அக்கா

தம்பி கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன் என்று பார்த்தால் சோழர் படை வரைக்கும் போய்விட்டீர்கள். நான் சொல்கிறேன்.

அம்மா இறங்கும் 6 மணிக்கு இங்கே இருட்டாகத்தான் இருக்கும், அவர் உடம்புக்கு அது அதிகாலை மூன்றரை. தூக்கக் கலக்கத்தில் வருவார். 6.00 என்பது கேட்டில் நிற்கும் நேரம், சக்கரம் 5.40க்கே தரையைத் தொடலாம். அதனால் செயலியில் ‘தரையிறங்கியது’ என்று பார்த்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்பினாலே போதும். ஈசூனிலிருந்து டாக்ஸியில் அரை மணி. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து அம்மா வெளியே வர எப்படியும் முக்கால் மணி ஆகும்.

செயலியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று நடக்கும். நடுக்கடலில் விமானம் திடீரென்று மங்கிப்போகும், இல்லை உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டும். தரையில் உள்ள ரிசீவர்களுக்கு அங்கே சிக்னல் எட்டாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாமியார் வந்த இரவில் என் வீட்டுக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தாமதம் வந்தால் பெரும்பாலும் மழையால் வரும். இங்கே ‘சுமத்ரா’ என்றே ஒரு புயல்மழைக்குப் பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடிவதற்கு முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கத்திலிருந்து வரிசை கட்டி வந்து கொட்டிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். சரியாகச் சென்னை விமானம் வரும் நேரம். அப்போது வானத்தில் வட்டமடிக்க வைப்பார்கள், இருபது நிமிடம், அரை மணி போகலாம்.

மாத்திரை விஷயம்: இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு ஏறினால், இங்கே காலை எட்டு என்பது இந்தியாவில் ஐந்தரை. பன்னிரண்டு மணி இடைவெளி என்று நினைப்பது ஒன்பதரை ஆகிவிடும். இந்தக் கணக்கை அப்படியே டாக்டரிடம் காட்டி எப்போது போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.

மேகவீதி

சுமத்ரா மழையைச் சரியாகச் சொன்னீர்கள் அக்கா. அதற்காகத்தான் கூடுதல் எரிபொருள் ஏற்றிக்கொண்டு வருவோம், வட்டமடித்தால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. சென்னையிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. காற்று கிழக்கிலிருந்து வந்தால் கடலைப் பார்த்து ஏறி நேரே தென்கிழக்கே திரும்பிவிடலாம். மேற்குக் காற்று என்றால் மேற்குப் பக்கமாக எழும்பி வளைந்து வர வேண்டும். சில நிமிடம் அதிலேயே போகும்.

பொன்மலை

ஜன்னல் சீட்டு கேட்கச் சொல்லலாமா? நிகோபார் தெரியுமா?

கணக்குப்பிள்ளை

போகும்போது முழு இரவு, ஒன்றும் தெரியாது. திரும்பும் பயணம் பகலில், மேகம் இல்லாவிட்டால் தெரிய வாய்ப்பு உண்டு. எந்தப் பக்க ஜன்னல் என்பது அன்றைக்குக் கொடுக்கும் பாதையைப் பொறுத்தது. 2004 சுனாமி நிலநடுக்கத்தில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் ஏறிவிட்டது.

வேளச்சேரி மாப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கடிகாரக் கணக்கைச் சொன்னேன். பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த கேள்வி தயாராக இருந்தது: “ரெண்டு பக்கமும் நாலு மணி நேரம்தானே, அப்புறம் ஏன் போற டிக்கெட் மட்டும் ரெண்டாயிரம் ரூபாய் அதிகம்?” அதற்கும் யாராவது பதில் வைத்திருந்தால் சொல்லுங்கள்.

பொன்மலை

அதற்குத்தான் நான் முதலிலேயே பயந்தேன். தனி இழை போடுங்கள் தம்பி.

ஈசூன் அக்கா

அப்பாவுக்குப் பதில் அப்புறம். அம்மாவுக்கு வருகை அட்டை நிரப்ப மறக்க வேண்டாம். வரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் போட வேண்டும், குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் மூடிவிடுங்கள். எந்த முனையம் என்று முந்தின நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். முனையம் 1, 2, 3 மூன்றுக்கும் நடுவே ரயில் ஓடும், 4 மட்டும் தனியே தள்ளி இருக்கிறது, அங்கே பஸ்தான்.